கொண்டு கொடுத்த பெரியோருக்கு ஒரு வாழ்த்துமடல்

கல்யாண வீட்டில் மணமக்களுக்கு வாழ்த்துமடல் வாசிப்பது நம் வழக்கம். கண்ணாடிச் சட்டம் போட்டு, ஓரத்தில் இரண்டு மயில் அச்சடித்து, ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கில் வாசிப்பார். இதில் ஒரு நியாயக்குறைவு இருக்கிறது. அந்த மணமக்கள் அன்றைக்கு அப்படி என்ன செய்துவிட்டார்கள்? உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார்கள். கட்டச் சொன்ன நேரத்தில் ஒருவர் கட்டினார், குனியச் சொன்ன நேரத்தில் ஒருவர் குனிந்தார். யாருக்கு யார் என்று கணக்குப் போட்டவர்கள், வரப்பையும் வாரிசையும் ஒரே கயிற்றால் அளந்தவர்கள், வேண்டாம் என்ற பிள்ளையைச் சரி என்று சொல்ல வைத்தவர்கள் எல்லாம் முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டு சும்மா இருக்கிறார்கள். பாராட்டு அவர்களுக்கல்லவா போய்ச் சேர வேண்டும்? இந்த மடல் அவர்களுக்கு.

குறிப்பாக, சின்னச் சமூகங்களின் பெரியவர்களுக்கு. மாநாடு போட்டு மாவட்டம் மாவட்டமாகக் கொடி நடும் பெரிய கூட்டங்களைச் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு ஊர், சில நூறு தலைக்கட்டு, "இதுக்குள்ளதான் எங்களுக்குக் கொள்வினை கொடுப்பினை" என்று கோடு கிழித்து வாழ்கிறவர்களைச் சொல்கிறேன். வெளியே ஒரே சாதிப் பெயரில் லட்சக்கணக்கில் தெரிபவர்களும் பெண் கேட்டுப் போகும்போது இப்படிச் சின்னச் சின்னக் கட்டாகத்தான் பிரிந்து நிற்கிறார்கள். ஆற்றுக்கு அந்தக் கரையில் இருப்பவன் ஓட்டுப் போடும் நாளில் நம்மாள். சம்பந்தம் பேசும் நாளில் "அவுக வேற, நாம வேற". இவ்வளவு நுட்பமான பாகுபாட்டை எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுத் தராது. திண்ணையில்தான் கற்க முடியும்.

முதல் பாராட்டு, பிள்ளைகளின் நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்ததற்கு. வெளியுலகில் ஒரு துணையைத் தேட மனிதர்கள் என்ன பாடு படுகிறார்கள்! பழக வேண்டும், பேச வேண்டும், கோபம் வந்தால் இந்த ஆள் எப்படி, கையில் காசு இல்லாதபோது எப்படி என்றெல்லாம் பார்க்க வேண்டும். இங்கே அந்தத் தொல்லையே இல்லை. தொட்டிலில் கிடக்கும்போதே வேலை முடிந்துவிடுகிறது. "மாமன் மக பொறந்துட்டாடா, ஒனக்குப் பொண்டாட்டி வந்தாச்சு" என்று நாலு வயதுப் பையனிடம் சொன்னால் அவன் மூக்கு ஒழுகச் சிரிப்பான். அந்தச் சிரிப்புதான் மாப்பிள்ளையின் சம்மதம். பெண்ணின் சம்மதம்? "அவளுக்கு என்ன தெரியும்" என்பது பதினாலு வயதிலும் பொருந்தும், இருபத்துநாலு வயதிலும் பொருந்தும். முதுகலை முடித்து, பேங்கில் ஊரார் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். கோடிக் கணக்கில் கடன் கொடுக்கலாமா என்று முடிவெடுக்கத் தெரிந்தவளுக்குத் தன்னை யாருக்குக் கொடுக்கலாம் என்று தெரியாது என்பது உங்கள் கண்டுபிடிப்பு.

நாட்டிலேயே நமக்குத்தான் இதில் முதல் வரிசை. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 100-க்கு 11 பேர் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். தமிழ்நாட்டில் 28 பேர். வடக்கே பல ஊர்களில் அத்தை மகளைக் கட்டுவதாகச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வார்கள். தங்கையைக் கட்டுவதைப் போல அவர்களுக்கு அது. பாவம், அவர்களுக்கு முறை தெரியவில்லை.

முறை என்றதும் உங்கள் கணக்கின் அழகைச் சொல்லாமல் போக முடியாது. அப்பாவுடன் பிறந்த ஆணின் பிள்ளைகள் நமக்கு அண்ணன் தங்கை. அம்மாவுடன் பிறந்த பெண்ணின் பிள்ளைகளும் அப்படியே. ஆனால் அப்பாவுடன் பிறந்த பெண்ணின் மகனும் அம்மாவுடன் பிறந்த ஆணின் மகனும் முறை மாப்பிள்ளைகள். சித்தப்பா மகளைப் பார்த்து ஒருவன் கண்ணடித்தால் ஊரே செருப்பைக் கழற்றும். மாமன் மகளைப் பார்த்துக் கண்ணடித்தால் கிழவிகள் பொக்கை வாயால் சிரித்துக்கொண்டு, "கட்டிக்கிறவன்தானே" என்பார்கள். 1871-லேயே மார்கன் என்ற அமெரிக்க அறிஞர் தமிழர்களின் உறவுமுறையைப் பெரிய அட்டவணையாகப் போட்டு வியந்திருக்கிறார். தலைமுறை தலைமுறையாக எழுத்தில் இல்லாமல், பாட்டிமார் வாயிலேயே பிசகாமல் நிற்கும் கணக்கு இது. இதில் ஏளனம் செய்ய ஒன்றுமில்லை.

ஒரே ஒரு சின்னக் குறை. இந்தக் கணக்கை யாரும் இரத்தத்துக்குச் சொல்லித்தர மறந்துவிட்டார்கள். உடம்பைப் பொறுத்தவரை சித்தப்பா மகளும் மாமன் மகளும் ஒன்றுதான்; இருவரிடமும் நம்மோடு பொதுவாக இருக்கும் மரபணு சராசரியாக எட்டில் ஒரு பங்கு. ஒருத்தி கும்பிட வேண்டிய தங்கை, ஒருத்தி கொஞ்ச வேண்டிய முறைப்பெண் என்பது அந்த எட்டில் ஒரு பங்குக்குத் தெரியாது. அக்கா மகளோ இன்னும் நெருக்கம், நாலில் ஒரு பங்கு. அவளை மாமன் கட்டினால் "உரிமைக்காரன் கட்டினான்" என்று மாலை விழும். அதே சமயம், ஏழு தலைமுறைக்கு முன்னால் ஒரே பாட்டன் என்று சொல்லப்படுகிற, ஒரே குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிற பங்காளி வீட்டுப் பெண்ணை விரும்பினால் அது தகாத உறவு, வம்சத்துக்கே பழி. அந்தப் பெண்ணுக்கும் இவனுக்கும் இடையில் பொதுவாக இருக்கும் இரத்தம் பரிசோதனைக்கூடத்தில் தேடினாலும் அகப்படாது. கிட்டத்து இரத்தத்தைத் தூரமாகவும், தூரத்து இரத்தத்தைக் கிட்டமாகவும் ஆக்கிக் காட்டும் வல்லமை சித்தர்களுக்கு உண்டு என்பார்கள். இப்போது ஊருக்கு நாலு பேருக்கு அது கைவந்திருக்கிறது.

இந்த வல்லமையை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் ஏதாவது ஒரு பூப்புச் சடங்கு வீட்டுக்குப் போனால் போதும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் பட்டுப்புடவை கட்டி, கனமான மாலையின் பாரத்தில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு மனையில் உட்கார்ந்திருக்கிறாள். வாசலில் அவள் முகம் போட்ட பிளக்ஸ். பக்கத்தில் மீசை முறுக்கிய தாய்மாமன் படம், அதைவிடக் கொஞ்சம் பெரியது. பச்சை ஓலையில் குச்சு கட்டியது அவன்தான். கொட்டு முழங்கத் தட்டுத் தட்டாகச் சீர் வருகிறது: பழம், பாத்திரம், புடவை, பொம்மை போட்ட கேக். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு மொய் எழுதுகிறார்கள். தாய்மாமன் எழுதியதை மட்டும் மைக்கில் இரண்டு முறை சொல்கிறார்கள். மாமனுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும், இன்னும் கல்யாணமாகவில்லை. மாலை போட்டுவிட்டு அவன் இறங்கும்போது அப்பத்தா அவன் கையைப் பிடித்து, "ஏப்பா, இந்த மாலையும் நீதான், அடுத்த மாலையும் நீதான்" என்கிறாள். கூட்டம் சிரிக்கிறது. அவனும் சிரிக்கிறான். அந்தப் பெண் கணக்குப் பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

அங்கே நடப்பது ஒரு ஒப்பந்தம். முத்திரைத்தாள் இல்லை, கையெழுத்து இல்லை. ஆனால் அந்தச் சீரையும் மொய்யையும் திருப்பிக் கொடுக்க வேறு வழி எதுவும் வைக்காமல் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நாலு வருடம் கழித்து அந்தப் பெண் "எனக்கு மாமா வேண்டாம்" என்றால், "எத்தனை தட்டு வச்சான், எத்தனை செலவழிச்சான், நன்றி கெட்ட குடும்பமா நாம?" என்று கேட்கலாம். நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு இருக்கிறது. பெண்ணுக்குப் பதினெட்டு ஆகும்வரை சட்டத்துக்காகக் காத்திருப்பதையும் பாராட்ட வேண்டும். கதிர் முற்றும்வரை அறுக்காமல் இருப்பது நல்ல விவசாயியின் குணம்.

"சொத்து வெளியே போகக்கூடாது" என்பது உங்கள் அடுத்த நற்பண்பு. அக்காவுக்குக் கொடுத்த மூன்று ஏக்கர் அக்கா மகளோடு திரும்பி வந்துவிடும். போட்டு அனுப்பிய நகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே பீரோவுக்கு வரும். நடுவில் ஒரு மனுஷியும் வந்து போகிறாள்; அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

இந்தத் தத்துவத்தில் உங்களை மிஞ்சியவர்கள் உலகத்திலேயே ஒரு குடும்பம்தான்: ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சம். அவர்களுக்கு மூன்று ஏக்கர் அல்ல, பல கண்டங்களில் நிலம். அது வெளியே போகாமலிருக்க, சுமார் 200 ஆண்டுகள் சொந்தத்துக்குள்ளேயே கொண்டு கொடுத்தார்கள். 1649-ல் மன்னர் நான்காம் பிலிப் கட்டியது யாரை? சொந்தத் தங்கை மகளை. நம்மூராக இருந்தால் தாய்மாமன் என்ற உரிமையில் குச்சு கட்டியிருப்பார். 1661-ல் அவர்களுக்குப் பிறந்த இரண்டாம் கார்லோஸுக்கு நடையும் பேச்சும் நெடுநாள் வரவில்லை. தாடை பொருந்தாததால் மெல்ல முடியவில்லை. இரண்டு முறை கல்யாணம் செய்துவைத்தும் பிள்ளையில்லை. 2009-ல் ஸ்பெயின் மரபியல் ஆய்வாளர்கள் 16 தலைமுறை வம்சாவளியை வைத்துக் கணக்கிட்டபோது, கூடப்பிறந்த அண்ணன் தங்கைக்குப் பிள்ளை பிறந்தால் எவ்வளவு உட்கலப்பு இருக்குமோ அதைவிட ஒரு பொட்டு அதிகமாகவே அந்த மன்னரிடம் இருந்தது தெரியவந்தது. 1700-ல் வாரிசில்லாமல் கண்ணை மூடினார். அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் பாதி நாடுகள் அந்தச் சொத்துக்காகச் சண்டையில் இறங்கின. 1714 வரை அடித்துக்கொண்டன. கடைசியில் ஸ்பெயின் சிம்மாசனம் பிரான்ஸின் பூர்பன் குடும்பத்துக்குப் போனது. சொத்து வெளியே போகக்கூடாது என்ற கொள்கைக்கு இதைவிடப் பெரிய வெற்றி இருக்க முடியுமா?

"எங்க தாத்தா அக்கா மகளைத்தான் கட்டினாரு, எங்களுக்கு என்ன குறை?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நல்லபடியாகத்தான் பிறக்கிறார்கள். பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு மூன்றுக்குக் கடுமையான பிறவிக் குறைபாடு வரும் என்றால், மாமன் மகள் அத்தை மகன் கல்யாணத்தில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் பழுதான மரபணு சில ஒளிந்திருக்கிறது. அப்பாவிடமிருந்து பழுதானது வந்தாலும் அம்மாவிடமிருந்து நல்லது வந்தால் அது வாலாட்டாது. ஒரே தாத்தாவிடமிருந்து ஒரே பழுதை இருவரும் வாங்கி வைத்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. ஆக, 100-க்கு 94, 95 பேர் தப்பித்துவிடுகிறார்கள். தப்பித்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து "எங்களுக்கு என்ன குறை" என்று சாட்சி சொல்கிறார்கள். தப்பிக்காதவர்கள் பேச வருவதில்லை; அவர்கள் பின்கட்டில் பாயில் கிடக்கிறார்கள், அல்லது பிறந்த வாரமே வீட்டுக்குப் பின்னால் புதைத்தாயிற்று. அதற்கும் காரணம் தயாராக இருக்கிறது: குலதெய்வத்துக்கு மூன்று வருடமாகக் கிடா வெட்டவில்லை, அல்லது மருமகள் கர்ப்பத்தில் கிரகணத்தைப் பார்த்துவிட்டாள். மருமகள் என்பது அத்தை மகள்தான். அத்தை குடும்பத்து இரத்தம்தான். ஆனாலும் குறை வந்தால் அது அவள் வயிற்றுக் குறை.

சொந்தமே வேண்டாம், அசலில் எடுத்தோம் என்று சிலர் நிமிர்ந்து நிற்பதும் உண்டு. பன்னிரண்டு ஊருக்குள் முந்நூறு வருடமாகக் கொண்டு கொடுத்துவிட்டு அசல் எங்கே இருக்கிறது? சொல்லத் தெரியாத சொந்தம், அவ்வளவுதான். தெலுங்கு நாட்டு வைசியர் சமூகம் பல லட்சம் பேர் கொண்டது. கோத்திரம் விட்டுக் கோத்திரம்தான் கட்டுகிறார்கள். அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தப் போடும் ஒரு மருந்து சில நிமிடங்களில் கரைய வேண்டும். அச்சமூகத்தில் சிலருக்கு அது மணிக்கணக்கில் கரையாமல் மூச்சை நிறுத்திவிடுவதை மருத்துவர்கள் நெடுநாளாக அறிவார்கள். தெற்காசியச் சமூகங்களின் மரபணுவை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வு அதன் காரணத்தைத் தெளிவாக்கியது: எப்போதோ சிறு கூட்டமாக இருந்தவர்கள் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டு பெருகியதால் அந்தக் கூட்டத்தில் இருந்த பழுதும் பெருகியிருக்கிறது. இந்தியாவின் எத்தனையோ சாதிகளுக்கு இதே கதை என்றும் அந்த ஆய்வு சொன்னது. லட்சம் பேருக்கே அப்படியென்றால், நம் சில நூறு தலைக்கட்டின் தைரியத்தை என்னவென்று புகழ்வது!

இந்த இடத்தில் உங்கள் முன்னெச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். பொருத்தம் பார்க்காமல் நீங்கள் ஒரு கல்யாணமும் செய்வதில்லை. தினம், கணம், யோனி, ரஜ்ஜு என்று பத்தும் பார்த்து, செவ்வாய் தோஷத்துக்குச் செவ்வாய் தோஷம் தேடி, மூல நட்சத்திரத்தை மாமனாருக்கு ஆகாது என்று தள்ளி வைக்கிறீர்கள். வானத்தில் கோடிக்கணக்கான மைல் தொலைவில் சுற்றும் கிரகத்தின் பார்வை தெரிகிறது; பக்கத்தில் ஓடும் இரத்தம் தெரிவதில்லை. அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு. நியூயார்க்கின் புரூக்ளினில் ஆசாரமான யூதர்கள் இருக்கிறார்கள்; அவர்களும் தங்களுக்குள்தான் கட்டிக்கொள்கிறார்கள், தரகர் வைத்துத்தான் பேசி முடிக்கிறார்கள். டே-சாக்ஸ் என்ற நரம்பு நோய்க்குத் தன் பிள்ளைகள் நால்வரைப் பறிகொடுத்த ஒரு மதகுரு, 1983-ல் அங்கே ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே இரத்தம் கொடுத்து ஒரு எண்ணை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சம்பந்தம் பேசும் முன்பே இரண்டு எண்ணும் ஒத்துப்போகுமா என்று கேட்டுக்கொள்வார்கள். அவர்களிடையே அந்த நோயோடு பிறக்கும் குழந்தைகள் அரிதாகிவிட்டார்கள். ஆசாரத்தையும் விடவில்லை, பிள்ளைகளையும் விடவில்லை. நம்மிடம் இரத்தப் பரிசோதனை என்ற பேச்சை எடுத்தால், "எங்க பொண்ணு மேல சந்தேகமா?" என்று நீங்கள் எழுந்துவிடுவீர்கள். கிரகத்தைச் சந்தேகிக்கலாம், இரத்தத்தைச் சந்தேகிப்பது மரியாதைக் குறைவு. நம் பண்பாடு அப்படி.

சட்டத்தை நீங்கள் கையாண்ட விதமும் வியக்கத்தக்கது. 1955-ம் வருட இந்து திருமணச் சட்டம் மாமன் அக்கா மகளைக் கட்டுவதையும், அத்தை மகன் மாமன் மகளைக் கட்டுவதையும் விலக்கப்பட்ட உறவு என்று பட்டியல் போட்டது. பிறகு ஒரு வால் சேர்த்தது: வழக்கம் அனுமதித்தால் தடையில்லை. வழக்கம் யாருடையது? உங்களுடையது. பெண்ணுக்குச் சொத்தில் பங்கு என்று சட்டம் சொல்லும்போது "அதெல்லாம் நம்ம வழக்கத்தில் இல்லை" என்கிறீர்கள். அக்கா மகளைக் கட்டும்போது "சட்டமே வழக்கத்தை மதிக்கிறது" என்கிறீர்கள். இரண்டு இடத்திலும் ஜெயிக்கிற வக்கீல் வேறு யாரும் இல்லை.

"அத்தை வீடுதானே, அந்நியமா? பிள்ளையைக் கண்கலங்காமல் பார்த்துப்பாங்க" என்று நீங்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் ஒரே தெரு, ஒரே குழம்பு, பிரசவத்துக்கு ஓடி வர ஆள். அதைக் கொடுப்பினை என்று சொல்லும் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் அதிலும் ஒரு வசதி உங்களுக்கு வாய்த்திருக்கிறது. அந்நிய வீட்டில் மகளை அடித்தால் அப்பன் ஆள் சேர்த்துக்கொண்டு போய்க் கேட்பான். அக்கா வீட்டில் மகளை அடித்தால் அக்காவிடம் எந்த முகத்தோடு கேட்பது? "நம்ம வீட்டு விஷயம், வெளியே தெரிய வேண்டாம்" என்று ஒரு வாய் காபியோடு பேச்சு முடிந்துவிடும். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகளில் இன்னும் விசேஷம். ஒரு வீட்டில் ரசத்தில் உப்புக் கூடினால் இன்னொரு வீட்டில் ஒருத்தி பெட்டி கட்ட வேண்டும். தன் புருஷனோடு ஒரு சண்டையும் இல்லாதவள், அண்ணன் செய்த குற்றத்துக்காக அப்பன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பாள். ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்ணை ஜாமீனாக வைக்கும் இந்த யோசனையை வங்கிகள் இன்னும் எட்டவில்லை.

இவ்வளவு கட்டுக்கோப்பாகக் காத்தும் இப்போது உங்கள் முகத்தில் ஒரு கவலை தெரிகிறது. பையன்களுக்குப் பெண் கிடைக்கவில்லை. முப்பத்தைந்து வயதுவரை முன்நெற்றி ஏறி, வாரத்துக்கொரு கோயிலில் பரிகாரம் செய்துகொண்டு திரிகிறார்கள். இதற்குக் காரணம் பெண்கள் படித்துவிட்டதுதான், காடு தோட்டம் பார்க்கிற பையனை வேண்டாம் என்கிறார்கள், திமிர் என்று நீங்கள் சொல்கிறீர்கள். உங்கள் அடக்கத்தால் உங்கள் பங்கை மறைத்துப் பேசுகிறீர்கள். 1991 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேர்தான் இருந்தார்கள். உசிலம்பட்டிப் பக்கத்தில் பிறந்த பெண் குழந்தையைக் கொல்லக் கொடுத்த கள்ளிப்பால் பற்றிய செய்தி 1980-களிலேயே நாடு முழுக்கத் தெரிந்தது. 1992-ல் அரசு தொட்டில் வைத்து, "கொல்லாதீர்கள், இங்கே போட்டுவிட்டுப் போங்கள்" என்று கெஞ்சியது. பிறகு கள்ளிப்பாலின் இடத்துக்கு ஸ்கேன் வந்தது. அன்றைக்குச் சீர் செலவு மிச்சம் என்று நினைத்துச் செய்த காரியம், இன்றைக்குப் பேரனின் கல்யாணச் செலவையும் மிச்சமாக்கித் தந்திருக்கிறது. தொலைநோக்கு என்றால் இதுதான்.

இதற்கும் வழி கண்டிருக்கிறீர்கள். கொங்குப் பக்கத்துத் தரகர்கள் பாலக்காடு வரை போய்ப் பெண் பார்த்து வருகிறார்கள். அந்தப் பெண்ணின் கூட்டம், குலதெய்வம், கட்டு எதையும் நோண்டுவதில்லை. "நல்ல குடும்பம், ஏழைப்பட்டது" என்பதோடு விசாரணை முடிகிறது. மகன் கட்டிக்கொண்டு வரும்போது சாதி என்பது இவ்வளவு இளகிய பொருளாக இருப்பதும், அதே வீட்டுப் பெண் தானாக ஒருவனைச் சொல்லும்போது அது கருங்கல்லாக இறுகிப்போவதும் உங்கள் கையால் மட்டுமே நடக்கக்கூடிய இரசவாதம்.

அந்தக் கருங்கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பாசத்தின் உச்சம் அதுதான். 2003 ஜூலையில் விருத்தாசலம் பக்கத்தில், கண்ணகி, முருகேசன் என்று இருவர் இரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள். அவன் பொறியியல் படித்த தலித் இளைஞன். அவளைப் பெற்ற அப்பனும் உற்றவர்களும் இருவரையும் தேடிப் பிடித்து, ஊரார் முன்னிலையில் விஷம் புகட்டினார்கள். வாயைத் திறக்காதபோது மூக்கிலும் காதிலும் ஊற்றினார்கள். பிறகு தனித்தனியே எரித்தார்கள். செத்த பிறகும் சேரக்கூடாதல்லவா. கடலூர் நீதிமன்றம் தண்டனை கொடுக்க 2021 ஆனது. அதுவரை 18 ஆண்டுகள் கட்டுக்கோப்பு காப்பாற்றப்பட்டது. "கண்ணுக்குள்ள வச்சு வளர்த்தோம்" என்று பெற்றவர்கள் சொல்வது இந்த மாதிரி வழக்குகளில் எல்லாம் தவறாமல் வருகிறது. அதை நான் நம்புகிறேன். தங்கள் சொத்தை யாரும் அலட்சியமாக வைத்துக்கொள்வதில்லை.

இப்படியே கட்டிக்காத்தால் கடைசியில் என்ன கிடைக்கும் என்று அறிய விரும்பினால், தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம் வரை ஒரு நடை போய் வரலாம். அங்கே கோட்டைப் பிள்ளைமார் என்று ஒரு சிறிய சமூகம் மண்கோட்டைச் சுவருக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. பெண்கள் கோட்டையை விட்டு வெளியே வருவதில்லை. கொள்வினை கொடுப்பினை எல்லாம் கோட்டைக்குள்ளேயே. கமலா கணேஷ் என்ற மானுடவியலாளர் அங்கே ஆய்வு செய்து 1993-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். படையெடுத்து வந்து யாரும் அந்தக் கோட்டையைப் பிடிக்கவில்லை. கட்டிக்கொள்ள ஆள் அருகி, குடும்பங்கள் குறைந்து, மிச்சமிருந்தவர்கள் வெளியே வந்து ஊர் உலகத்தோடு கலந்தார்கள். உங்கள் கொள்கையை ஒரு சுழியும் பிசகாமல் கடைப்பிடித்தவர்கள் போய்ச் சேர்ந்த இடம் அது. நீங்களும் அந்த வழியில்தான் போகிறீர்கள். என்ன, உங்களுக்குச் சுவர் கட்டும் செலவு இல்லை.

ஆகவே பெரியோர்களே, உங்கள் நுட்பத்தையும் சிக்கனத்தையும் பாசத்தையும் போற்றி இந்த மடலை உங்கள் பாதங்களில் வைக்கிறேன். பதிலுக்கு ஓர் எச்சரிக்கையும் செய்வது என் கடமை. பிள்ளைகள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய செய்திகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, 1967-ல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டம்: இருவர் உறவினர் அல்லது நண்பர்கள் முன்னால் மாலை மாற்றிக்கொண்டாலே அது சட்டப்படி கல்யாணம்தான், ஐயரும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். இரண்டு, 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வயது வந்த இருவர் மனமொத்துக் கல்யாணம் செய்ய முடிவெடுத்துவிட்டால் குடும்பத்தின் சம்மதமோ, சமூகத்தின் சம்மதமோ, கூட்டத்தின் சம்மதமோ தேவையில்லை, அதைத் தடுப்பதற்காகக் கூடும் பஞ்சாயத்து சட்டவிரோதம். இந்த இரண்டையும் உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் படித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர்கள் பாடப் புத்தகத்துக்குள் யாரும் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.